காசநோய் மருந்தும் ஆறு மாத ஒழுங்கும்

காசநோய் நம் நாட்டிற்குப் புதியதன்று. க்ஷயம், எலும்புருக்கி என்று மக்கள் அதற்கு வழங்கிய பெயர்களே அதன் பழமையையும் கொடுமையையும் எடுத்துரைக்கின்றன. 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய அறிஞர் அந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார். ஆயினும் அக்கிருமியைக் கொல்லும் மருந்து கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன் இந்நோய்க்கு இரையான 1948-ஆம் ஆண்டில், ஸ்ட்ரெப்டோமைசின் என்ற முதல் மருந்து செல்வ நாடுகளிலேயே அரிதாகத்தான் கிடைத்தது.

இன்று நிலை முற்றிலும் வேறு. நோயைக் குணப்படுத்தும் மருந்துகள் உள்ளன. அவற்றை அரசு விலையின்றி வழங்குகிறது. அப்படியிருந்தும் 2023-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 8 லட்சம் பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர் என்றும், அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் இந்தியர் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மருந்து இருந்தும் நோய் ஏன் நிலைத்து நிற்கிறது? வறுமை, சத்துணவின்மை, நெருக்கடியான குடியிருப்பு எனக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் இக்கட்டுரை ஆராய்கிறது. மருந்தை எவ்வாறு உட்கொள்வது, எவ்வளவு காலம் உட்கொள்வது, அதனால் தீங்கு நேராமல் எவ்வாறு காத்துக்கொள்வது என்பதே அது. எளிய செய்தியாகத் தோன்றினும் சிகிச்சையின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இங்குதான் முடிவாகிறது.

ஒரு மருந்து போதாதா?

1948-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஸ்ட்ரெப்டோமைசினைப் பற்றிய தன் புகழ்பெற்ற ஆய்வின் முடிவுகளை வெளியிட்டது. மருந்து பெற்றவர்கள் முதல் ஆறு மாதங்களில் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டனர். படுக்கையில் ஓய்வு மட்டும் பெற்றவர்களைவிட அவர்களில் இறந்தவர் மிகக் குறைவு. ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்த வேற்றுமை பெருமளவு சுருங்கிவிட்டிருந்தது. காரணம், பலருடைய உடலில் மருந்துக்கு அசையாத கிருமிகள் பெருகியிருந்தன.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நோயுற்ற நுரையீரலில் தோன்றும் குழி ஒன்றில் பத்துக் கோடி கிருமிகள் இருக்கக்கூடும். அவை பெருகும்போது, மருந்து எதுவும் தரப்படாத நிலையிலும், சில கிருமிகள் தற்செயலாக மாறுதல் அடைகின்றன. ஐசோனியாசிட் என்ற மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமி சுமார் பத்து லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசினை எதிர்த்து நிற்பது சுமார் பத்துக் கோடியில் ஒன்று. ஐசோனியாசிட் மட்டும் கொடுத்தால் மற்றவையெல்லாம் மடிய, எஞ்சிய நூறு கிருமிகள் போட்டியின்றிப் பெருகும். நோயாளி முதலில் தேறுவார். சில மாதங்களில் மீண்டும் வீழ்வார். இம்முறை அந்த மருந்து அவருக்குப் பயன்படாது. இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தாலோ, இரண்டையும் ஒருங்கே எதிர்க்கும் கிருமி கோடிக் கோடியில் ஒன்றாகத்தான் தோன்ற இயலும். அத்தனை கிருமிகள் எந்த நுரையீரலிலும் இருப்பதில்லை. கூட்டு மருந்துச் சிகிச்சையின் அடிப்படை இந்த எளிய பெருக்கல் கணக்கேயாகும்.

ஆகவே நோயாளி ஒருவர் தமக்குத் தரப்பட்ட மருந்துகளில் ஒன்றைத் தாமாகவே நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் உட்கொள்வது, எதையும் உட்கொள்ளாமல் இருப்பதைவிட ஒரு வகையில் ஆபத்தானது. இந்த வாய்ப்பை நீக்குவதற்காகவே நான்கு மருந்துகளையும் ஒரே மாத்திரையில் அடக்கித் தரும் முறை வந்தது. இன்று தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் பெரியவர்களுக்கு வழங்கப்படும் மாத்திரை ஒன்றில் ஐசோனியாசிட் 75 மில்லி கிராம், ரிஃபாம்பிசின் 150, பைரசினமைட் 400, எத்தாம்பியூட்டால் 275 மில்லி கிராம் உள்ளன. முதல் இரண்டு மாதங்கள் இந்த நான்கும். அடுத்த நான்கு மாதங்கள் பைரசினமைட் நீங்கலாக மற்ற மூன்றும். நாள்தோறும் எத்தனை மாத்திரை என்பது எடையைப் பொறுத்தது. 35 முதல் 49 கிலோ எடையுள்ளவருக்கு மூன்று. 50 முதல் 64 கிலோ எடையுள்ளவருக்கு நான்கு. சிகிச்சையின்போது எடை கூடி அடுத்த பிரிவுக்கு மாறினால் அளவும் மாற்றப்பட வேண்டும். எடை பார்க்கும் கருவி பழுதாகிக் கிடக்கும் சுகாதார நிலையத்தில் மருந்தின் அளவும் பிழையாகத்தான் இருக்கும் என்பதை அதிகாரிகள் நினைவிற் கொள்வது நன்று.

இரண்டாம் மாதத்தின் ஏமாற்றம்

காசநோய்க் கிருமி மந்தமானது. சாதாரணக் குடற்கிருமி இருபது நிமிடத்தில் இரண்டாகப் பிரியும்; இதற்கோ ஏறத்தாழ இருபது மணி நேரம் தேவை. மருந்துகள் பெரும்பாலும் பிரிந்து பெருகும் கிருமியையே எளிதில் தாக்குகின்றன. முதல் சில வாரங்களில் சுறுசுறுப்பான கிருமிகள் பெருமளவு அழிந்துவிடுகின்றன. காய்ச்சல் தணிகிறது, இருமல் குறைகிறது, பசி எடுக்கிறது, முகம் தெளிகிறது. ஆனால் உறங்கிக்கிடக்கும் சில கிருமிகள் எஞ்சியிருக்கின்றன. அவை அவ்வப்போது விழித்துப் பெருக முற்படும் வேளையில் இரத்தத்தில் மருந்து இருந்தாக வேண்டும். ஆறு மாத காலம் இதற்கெனவே வகுக்கப்பட்டது.

நோயாளியின் உணர்வும் நோயின் உண்மை நிலையும் இங்கேதான் பிரிகின்றன. கூலி வேலை செய்பவர் ஒருவருக்கு இரண்டாம் மாத முடிவில் உடம்பு தேறிவிடுகிறது. வேலைக்குப் போனால்தான் வீட்டில் உலை ஏறும். மருந்து நிலையம் திறக்கும் நேரமும் வேலைக்குப் புறப்படும் நேரமும் ஒன்றாக இருக்கும். அறுவடைக்கோ, செங்கல் சூளைக்கோ, கட்டட வேலைக்கோ வேற்றூர் செல்ல நேரிடும். அவர் மருந்தை விடுவது அறியாமையால் மட்டுமன்று. பல சமயங்களில் அது அவருடைய வாழ்க்கைக் கணக்கு. அலுவலகப் பதிவேடுகளில் இத்தகையோரைக் கடமை தவறியவர் என்று பொருள்படும் சொல்லால் நெடுங்காலம் குறித்து வந்தனர். அண்மைக் காலத்தில் அச்சொல்லைக் கைவிட்டுத் தொடர்பு விட்டுப்போனவர் என்று குறிக்கத் தொடங்கியிருப்பது சரியான மாற்றமே. தொடர்பு என்பது இருவர் பிடித்திருக்கும் கயிறு. விட்டவர் யார் என்பதை ஒவ்வொரு முறையும் விசாரித்துத்தான் சொல்ல முடியும்.

சென்னை காட்டிய வழி

ஐம்பதுகளில் இந்தியாவில் நோயாளிகளின் எண்ணிக்கை லட்சக்கணக்கில் இருந்தது. மருத்துவமனைப் படுக்கைகளோ மிகக் குறைவு. மேலை நாட்டு முறைப்படி ஒவ்வொருவரையும் மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்துச் சிகிச்சை செய்வதென்றால் பெரும்பாலோருக்கு இடமே கிடைக்காது. இந்நிலையில் 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தோற்றுவித்தன. நோயாளிகளைச் சீட்டுப்போட்டாற்போல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மறு பிரிவினரை அவர்களுடைய வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்தனர். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான சிறு வீடுகளில், போதிய உணவின்றி, ஓய்வின்றி இருந்தவர்கள். இருந்தும் ஓராண்டுச் சிகிச்சைக்குப் பின் அவர்கள் அடைந்த பயன் சானடோரிய நோயாளிகளின் பயனுக்கு ஏறத்தாழ ஈடாக இருந்தது. அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தினருக்கும் கூடுதல் ஆபத்து நேரவில்லை. 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையையே மாற்றியமைத்தது.

அந்த ஆய்வின் மற்றொரு படிப்பினை குறைவாகவே பேசப்படுகிறது. வீட்டில் மருந்து உட்கொள்பவர் உண்மையில் உட்கொள்கிறாரா என்பதை மையத்தினர் வெறுமனே நம்பிவிடவில்லை. சிறுநீரைச் சோதித்தனர், முன்னறிவிப்பின்றி வீட்டிற்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர், வராதவரைத் தேடிச் சென்றனர். வீட்டுச் சிகிச்சை என்பது கைவிடப்பட்ட சிகிச்சை அன்று என்பதை அவர்கள் நடைமுறையில் காட்டினர். அம்மையமே இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

கண்காணிப்பின் வடிவம் காலந்தோறும் மாறி வந்துள்ளது. 1997-இல் தொடங்கி 2006-க்குள் நாடு முழுவதும் பரவிய திருத்தியமைக்கப்பட்ட திட்டத்தில், ஊழியரின் கண்ணெதிரே வாரம் மும்முறை மருந்து உட்கொள்ளும் முறை இருந்தது. 2017 முதல் நாள்தோறும் உட்கொள்ளும் முறை வந்தது. 2012-இல் தொடங்கிய ‘நிக்ஷய்’ என்ற மின்னணுப் பதிவேடு, ஊர் மாறிச் செல்லும் நோயாளியைப் புதிய ஊரின் நிலையத்தோடு இணைக்க உதவுகிறது. கருவி எதுவாயினும், நோயாளியைப் பெயர் சொல்லி விசாரிக்கும் ஒருவர் அருகில் இருப்பதற்கு ஈடில்லை.

மருந்தின் மறுபக்கம்

பயன் தரும் மருந்து எதுவும் முற்றிலும் தீங்கற்றதன்று. இதை மறைத்து வைத்தால் நோயாளி முதல் தொல்லையிலேயே அஞ்சி மருந்தை நிறுத்திவிடுவார். முன்கூட்டியே சொல்லிவைத்தால் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வர்.

ரிஃபாம்பிசின் உட்கொள்ளத் தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகிறது. கண்ணீரும் வியர்வையும்கூடச் சிறிது நிறம் மாறலாம். இரத்தம் போகிறது என்று கலங்கி மருந்தைத் தூக்கியெறிந்தவர்கள் உண்டு. இது நோயும் அன்று, தீங்கும் அன்று. மருந்து உடலில் சேர்ந்ததற்கான அடையாளம். மாத்திரை சூடு என்று கருதி அளவைக் குறைத்துக்கொள்வதும் நம்மிடையே உள்ள வழக்கம். இதுவும் கூடாது.

வயிற்றுப் புரட்டலும் பசியின்மையும் முதல் வாரங்களில் இயல்பு. மருந்தைக் காலையில் வெறும் வயிற்றில், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவோ உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ உட்கொள்வதே சிறந்தது; உணவோடு சேரும்போது ரிஃபாம்பிசின் குறைவாகவே இரத்தத்தில் சேர்கிறது. எனினும் குமட்டல் தாங்க முடியாதவர் மருத்துவரைக் கேட்டுச் சிறிது இலேசான உணவுடன் உட்கொள்ளலாம். மருந்தை அறவே விடுவதைவிட அது மேலானது. நெஞ்செரிச்சலுக்கான அமில நீக்கி மருந்துகளை அதே வேளையில் சேர்த்து உட்கொள்ளக் கூடாது, இடைவெளி வேண்டும்.

ஐசோனியாசிட் நரம்புகளைப் பாதிக்கக்கூடும். உள்ளங்காலில் எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி ஆகியவை அதன் அறிகுறிகள். சத்துணவு இல்லாதவர், நீரிழிவு உடையவர், கருவுற்ற தாய்மார், மது அருந்துவோர் ஆகியோரிடம் இது மிகுதி. பைரிடாக்சின் என்ற வைட்டமின் மாத்திரை நாள்தோறும் சிறிதளவு தருவதால் இதைத் தடுத்துவிடலாம். அத்துணை மலிவான அந்த மாத்திரை மருந்துப் பெட்டியில் இருக்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். இதே மருந்தைப் பற்றி இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்துள்ள வேறொரு செய்தி கடற்கரை மாவட்டத்தாருக்குப் பயன்படும். ஐசோனியாசிட் உட்கொள்வோர் பதம் கெட்ட சூரை வகை மீன்களை உண்டால் முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் தோன்றக்கூடும். மீனில் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற பொருளை உடல் சிதைப்பதை மருந்து தடுப்பதே காரணம். மருந்தின் மேல் பழி போடாமல் மீனை விலக்கினால் போதும்.

பைரசினமைட் மூட்டு வலி தரலாம். அது பெரும்பாலும் வலி நீக்கி மருந்தால் அடங்கும். எத்தாம்பியூட்டால் கண் பார்வையைத் தாக்கக்கூடும். அரிதாயினும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் வேறுபடாமல் தோன்றினாலோ அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். காலத்தில் நிறுத்தினால் பார்வை பெரும்பாலும் மீளும்.

எல்லாவற்றிலும் கவனத்திற்குரியது கல்லீரல். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் ஆகிய மூன்றும் அதைப் பாதிக்க வல்லவை. தொடர்ந்த வாந்தி, வலப்புற மேல் வயிற்றில் வலி, கண் மஞ்சளித்தல், மிகுந்த சோர்வு இவை தோன்றினால் அடுத்த வேளை மருந்தை உட்கொள்ளாமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும். இரத்தப் பரிசோதனை செய்து, தேவையானால் மருந்துகளை நிறுத்தி, கல்லீரல் தேறிய பின் ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்குவர். நோயாளி தாமே நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பதும், மஞ்சள் காமாலைக்கு நாட்டு மருந்து தேடி அலைந்து வாரங்களைக் கழிப்பதும் இரண்டு நோய்களையும் வளர்க்கும். சிகிச்சைக் காலத்தில் மது அறவே கூடாது என்பதற்கும் கல்லீரலே காரணம்.

வேறு நோய்களுக்கு மருந்து உட்கொள்பவர் அதை மறைக்கக் கூடாது. ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டிப் பிற மருந்துகளை விரைவில் சிதைக்கச் செய்கிறது. கருத்தடை மாத்திரை பயனற்றுப் போகலாம். ஆதலால் வேறு முறை வேண்டும். நீரிழிவு மாத்திரைகள் சிலவற்றின் வலிமை குறைந்து சர்க்கரை ஏறலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், எய்ட்ஸ் கிருமிக்கு எதிரான மருந்துகள் ஆகியவற்றின் அளவையும் வகையையும் மாற்ற நேரிடலாம். மாறாக, வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிட்டாயின் ஐசோனியாசிடால் இரத்தத்தில் மிகுந்துவிடக்கூடும். கருவுற்றவர்களுக்கு இந்த நான்கு மாத்திரை மருந்துகளும் தரத்தக்கவையே. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மட்டும் கருவிலுள்ள குழந்தையின் செவியைக் கெடுக்கும் என்பதால் விலக்கப்படும். தாய் தன் குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

ஒரு நாள் மறந்தால்

மறந்த மாத்திரைகளுக்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பாக உட்கொள்வது தவறு. வழக்கமான அளவையே தொடர்ந்து, விடுபட்ட நாட்களை ஊழியரிடம் சொல்ல வேண்டும். அந்நாட்களுக்குரிய மருந்து இறுதியில் சேர்க்கப்படும். கணக்கு நாட்காட்டியில் அன்று, விழுங்கிய மாத்திரையில் இருக்கிறது. ஒரு மாதமோ அதற்கு மேலோ விட்டுவிட்டவர் வீட்டில் எஞ்சியிருக்கும் மாத்திரையைத் தாமாகவே தொடங்கக் கூடாது. ரிஃபாம்பிசினை இடைவெளி விட்டு மீண்டும் உட்கொள்ளும்போது சிலருக்குக் குளிர் காய்ச்சலும், அரிதாகச் சிறுநீரகக் கோளாறும் இரத்தத் தட்டணுக்களின் குறைவும் நேர்ந்துள்ளன. மேலும், கிருமி இதற்குள் மருந்தை எதிர்க்கக் கற்றுவிட்டதா என்பதையும் சளியைச் சோதித்து அறிய வேண்டும். ரிஃபாம்பிசின் எதிர்ப்பை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் காட்டும் கருவிகள் இன்று மாவட்டங்களில் உள்ளன.

எதிர்ப்பு உண்டாகிவிட்டால் என்ன ஆகும்? அண்மைக் காலம் வரை பதினெட்டு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை மருந்து. அதில் பல மாதங்கள் நாள்தோறும் ஊசி. அந்த ஊசியால் செவிப்புலன் இழந்தோர் பலர். பெடாகுலின் முதலிய புதிய மருந்துகள் வந்தபின் நிலை தேறியுள்ளது. 2024 செப்டம்பரில் ஆறு மாதத்தில் முடியும் நான்கு மருந்துச் சிகிச்சைக்கு இந்திய அரசு ஒப்புதல் அளித்தது. ஆயினும் இப்புதிய மருந்துகளுக்கு இதயத் துடிப்பையும் இரத்த அணுக்களையும் நரம்புகளையும் அடிக்கடி சோதிக்க வேண்டும். முதல் சிகிச்சையை ஒழுங்காக முடிப்பதைப் போன்ற எளிய வழி வேறில்லை.

அரசின் பங்கு

நோயாளிக்குக் கூறும் அறிவுரைகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். மருந்து தடையின்றிக் கிடைப்பது யார் பொறுப்பு? 2024-ஆம் ஆண்டின் முற்பகுதியில் பல மாநிலங்களில் கூட்டு மாத்திரைகளின் இருப்பு குறைந்தது. உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுமாறு மத்திய அரசு அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மாநிலங்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. ஒரு நாள்கூட விடாதீர் என்று எழுதப்பட்ட சுவரொட்டியின் கீழ் நின்று, மருந்து இல்லை, அடுத்த வாரம் வா என்று சொல்லப்படும் நோயாளி அரசின் வார்த்தையை எவ்வாறு நம்புவார்? கிருமிக்கு, இடைவெளி யாரால் வந்தது என்பது தெரியாது.

தனியார் மருந்துக் கடைகளும் கவனத்திற்குரியவை. 2014 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள ‘எச்-1’ பட்டியலின்படி, காசநோய் மருந்தைச் சீட்டின்றி விற்கக் கூடாது. வாங்குபவர், சீட்டளித்த மருத்துவர், விற்ற அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். அப்பதிவேட்டை ஆய்வாளர் புரட்டிப் பார்த்தால், அரசு நிலையத்திற்கு வராத நோயாளிகள் எங்கே இருக்கிறார்கள் என்பதும் தெரியவரும்.

உணவும் மருந்தின் ஒரு பகுதியே. சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் எடை கூடியவர்களிடையே இறப்பு குறைவு என்பதை ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு 2023-இல் காட்டியது. ‘நிக்ஷய் போஷண்’ திட்டத்தில் 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. பணம் சிகிச்சை தொடங்கிய மாதத்திலேயே வங்கிக் கணக்கில் சேர்ந்தால்தான் அது உணவாகும். ஆறாம் மாதத்தில் மொத்தமாக வந்தால் அது கடனை அடைக்கத்தான் உதவும்.

ஆறு மாத மருந்து முடிந்ததும் சளியைச் சோதித்துக் குணமடைந்ததை உறுதி செய்வர். அதன் பின்னரும் இரண்டு ஆண்டு காலம் ஆறு மாதத்திற்கு ஒரு முறை நோயாளியைப் பார்க்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி; நோய் மீளுமாயின் பெரும்பாலும் அக்காலத்திற்குள்ளேயே மீளும். ஆகவே சிகிச்சை அட்டையை எறிந்துவிடாமல் வைத்திருக்கும்படி நோயாளியிடமும், மாறிய முகவரியைக் குறித்துக்கொள்ளும்படி ஊழியரிடமும் கடைசி மாத்திரை தரும் நாளிலேயே சொல்லிவைக்க வேண்டும்.